பேலரும் ஒரு பல்லும்

கணினி, சினிமா, அரசியல்னு எல்லாரும் எழுதியாச்சு. நான் இன்னிக்கு வைக்கோல் கட்டுற மெஷினைப் பத்தி எழுதப் போறேன். ஓடிடாதீங்க மக்களே!

அறுப்பு மெஷின் வந்தப்புறம், கையால அறுத்து, களத்துல அடிச்சு, போர் போடுறதெல்லாம் எங்க அறந்தாங்கி, நாகுடி பக்கம் ரொம்பக் குறைஞ்சு போச்சு. மெஷின் நெல்லை எடுத்துக்கிட்டு வைக்கோலை வயல்லயே வரிசையா துப்பிட்டுப் போயிடும். காய்ஞ்சதும் டிராக்டர்ல பேலர் மாட்டிக் கட்டினாத்தான் மாட்டுக்குத் தீவனம். நடுவுல ஒரு மழை பேஞ்சா கறுத்துடும். மாடு மோந்துகூடப் பார்க்காது.

இங்க பெரும்பாலும் உருளையாச் சுருட்டுற மெஷின்தான் ஓடுது. மாமாகிட்ட இருக்கறது பெட்டி மாதிரி கட்டு போடுற பழசு. 2018 நவம்பர்ல கஜா புயல் அவரோட தென்னந்தோப்பை மொத்தமா சாய்ச்சுட்டுப் போச்சு. புதுக்கன்னு காய்க்கிற வரைக்கும் சாப்பாட்டுக்கு வழி வேணுமேன்னு கடன் வாங்கி, செகண்ட்ஹாண்டா வாங்கினது. தை, மாசியிலதான் ஓட்டம். அதுல ஒரு வாரம் நின்னா அந்த வருஷ வட்டிக்குத் துண்டு விழும்.

இந்தத் தையில நின்னுடுச்சு. முதல் கட்டு முடியுறப்பவே 'டங்'. ஃப்ளைவீல்ல இருக்கற ஷியர் போல்ட் அறுந்து போச்சு. புதுசு போட்டா அதுவும் அறுந்துச்சு.

"மாப்ள, கெட்டி போல்ட்டா பாத்து வாங்கிட்டு வாடா."

"வேணாம் மாமா. அது அறுந்து போறதுக்குன்னே வச்சது. அது அறாம நின்னா வேற ஏதாவது உடையும்."

விஷயம் இதுதான். உள்ள பிளஞ்சர்னு ஒரு முட்டி, முன்னயும் பின்னயும் போய் வைக்கோலை இடிச்சுக்கிட்டே இருக்கும். கட்டு வேணுங்கற நீளம் வந்ததும், கீழேருந்து ரெண்டு வளைஞ்ச ஊசி கயிறைத் தூக்கிட்டு மேல வரும். பிளஞ்சர் வைக்கோலை அழுத்தற நேரத்துல, அது முகத்துல இருக்கற பள்ளம் வழியா ஊசி போயிட்டு வரணும். ஊசி கிளம்பினதுமே ஒரு கொக்கி குறுக்க வந்து நிக்கும். டைமிங் சரியா இருந்தா அதுக்குள்ள பிளஞ்சர் அதைத் தாண்டியிருக்கும். இல்லைன்னா கொக்கியில மோதும், போல்ட் அறும், ஊசி தப்பிக்கும்.

போன சீசன் முடிவுல ஒரு பட்டறையில செயின் மாத்தியிருந்தாங்க. சந்தேகம் அங்கதான். டிராக்டரை அணைச்சு, பி.டி.ஓ ஷாஃப்டைக் கழட்டினோம் (இதைச் செய்யாம உள்ள கை வைக்கவே வைக்காதீங்க). மாமா ஃப்ளைவீலைக் கையால, ஓடுற திசையிலேயே மெதுவா சுத்தினார். நான் டார்ச் அடிச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன். ஊசி கிளம்புது, பிளஞ்சர் இன்னும் வந்து சேரலை. செயினைக் கழட்டி, ஸ்ப்ராக்கெட்டை ஒரே ஒரு பல்லு நகர்த்தி மாட்டினதும், மெஷின் புத்தகத்துல போட்டிருக்கற இடைவெளி கச்சிதமா வந்துச்சு. ஒரு பல்லுங்க!

அப்பவும் வலது பக்கம் முடிச்சு விழலை. முடிச்சுப் போடற பாகம் பறவை அலகு மாதிரி இருக்கும். 1870-கள்ல அமெரிக்காவுல ஜான் ஆப்பிள்பிங்கறவர் கதிர்க் கட்டு கட்டுற மெஷினுக்குன்னு கொண்டு வந்த முடிச்சுப் பொறியோட வாரிசுதான் இது. மழைக்காலம் முழுக்கச் சும்மா நின்னதுல அலகு துருப்பிடிச்சு, முடிச்சு வழுக்கி வராம ஒட்டிக்கிச்சு. நைஸ் எமெரி பேப்பர் போட்டுத் தேய்ச்சதும் சரியாப் போச்சு. வைக்கோல் வெட்டுற கத்தியையும் சாணை பிடிச்சோம். நெல்லு வைக்கோல்ல சிலிக்கா ஜாஸ்தி, கத்தி சீக்கிரம் மழுங்கிடும்.

மூணு நாள் போச்சு. நாலாவது நாள் சாயங்காலம் நாகுடி வயல்ல இருபது கட்டு, ஒண்ணுகூட அவுறாம விழுந்துச்சு. மாமா ஒண்ணும் பேசலை. அடுத்த வயக்காரருக்குப் போன் போட்டு, "காலையில வந்துடறேன்"னார். அவ்வளவுதான்.

ராத்திரி அத்தையோட நெயில் பாலிஷை எடுத்து ஸ்ப்ராக்கெட்லயும் செயின்லயும் சிவப்பா ஒரு புள்ளி வச்சேன். அடுத்த தடவை யார் கழட்டினாலும் புள்ளிக்குப் புள்ளி வச்சு மாட்டிடலாம். அத்தைதான் இன்னும் அந்த பாட்டிலைத் தேடிக்கிட்டு இருக்காங்க!