குழி மாறாத புல்தரை

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸ் நகரை அடுத்த ஊரொன்றில் என் அண்ணன் மகன் வாழ்கிறான். 2023ஆம் ஆண்டின் இறுதியில் அவன் தன் வீட்டுத் தோட்டத்தில் செயற்கைப் புல்லாலான சிறு கோல்ப் தரை ஒன்றை அமைத்தபோது நானும் அங்கிருந்தேன். பந்தை ஓங்கி அடிக்கும் பெருந்திடல் அன்று அது. குழிக்கு அருகில் வந்துவிட்ட பந்தை மெல்ல உருட்டி உள்ளே இடுகிற இறுதிக் கட்டத்திற்கான தரை மட்டுமே. 15 அடி அகலம், 24 அடி நீளம், மூன்று குழிகள்.

பிளாஸ்டிக்கில் புல்லா என்று முகஞ்சுளிப்போர் உண்டு. எனக்கும் அந்தச் சுளிப்பு இருந்தது. இன்றும் ஓரளவு இருக்கிறது. ஆனால் அந்த நிலத்தின் நிலைமை வேறு. அது சோனோரப் பாலைநிலம். குழாயில் வரும் நீரில் ஒரு பங்கு, 336 மைல் நீளமுள்ள கால்வாய்த் தொடரின் வழியே கொலராடோ ஆற்றிலிருந்து வருகிறது. அந்த ஆற்றில் பற்றாக்குறை என்று 2021 ஆகஸ்டில் நடுவண் அரசு முதன்முறையாக அறிவித்தது. மறு ஆண்டு அரிசோனாவின் பங்கில் ஏறத்தாழ 18 விழுக்காடு குறைந்தது. பக்கத்து ஸ்காட்ஸ்டேல் நகராட்சியோ, புதிதாகக் கட்டப்படும் தனி வீடுகளின் முன்புறத்தில் இயற்கைப் புல்லே கூடாதென்று 2023இல் விதித்துவிட்டது. அங்கே ஒருவர் பசும்புல் வளர்த்தால் அது ஆற்றைக் குடித்துத்தான் வளரவேண்டும். பிளாஸ்டிக் புல் நீர் கேட்பதில்லை. ஆனால் கோடையில் வெறுங்கால் வைக்க முடியாதபடி கொதிக்கிறது, நாளடைவில் நுண்துகளாக உதிர்கிறது, மண்ணோடு மண்ணாவதில்லை. இரண்டில் எது குறைந்த தீமை என்று நானும் மகனும் பல இரவுகள் வாதிட்டோம். முடிவு கண்டோம் என்று சொல்லமாட்டேன்.

இப்புல் பெயர்பெற்ற கதை சுவையானது. டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டனில் 1965இல் கூரையிட்ட பெரும் விளையாட்டரங்கு ஒன்றைத் திறந்தார்கள். உள்ளே இயற்கைப் புல். கூரை வழியே பாய்ந்த ஒளியில் ஆட்டக்காரர்களின் கண் கூசியது. உயரே எழுந்த பந்து தெரியவில்லை. கூரைக்கு வண்ணம் பூசினார்கள். ஒளியின்றிப் புல் மடிந்தது. 1966இல் அவ்விடத்தில் நைலான் புல்லை விரித்தார்கள். அந்த அரங்கின் பெயரிலிருந்தே அதற்கு ‘ஆஸ்ட்ரோடர்ப்’ என்று பெயர் வந்தது.

தரை அமைக்கும் வேலையில் விரிப்பதுதான் எளிது. அதன் அடியில் இருப்பதே பாடு. தோண்டுமுன் 811 என்ற எண்ணுக்குத் தெரிவித்தோம். ஆட்கள் வந்து, நிலத்தடியில் மின்கம்பி செல்லுமிடத்தைச் சிவப்பாலும், எரிவாயுக் குழாயை மஞ்சளாலும், நீர்க்குழாயை நீலத்தாலும் குறித்துச் சென்றார்கள். பிறகு நான்கு அங்குல ஆழம் வெட்டத் தொடங்கினோம். ஒரு சாண் போவதற்குள் மண்வெட்டி ‘ணங்’ என்றது. சுண்ணாம்பு சேர்ந்து பாறைபோல் இறுகிய அடுக்கு. அந்த ஊரார் அதைக் கலீச்சி என்கிறார்கள். கடப்பாரைக்கும் அது எளிதில் இணங்கவில்லை. அதன்மேல் உடைகல்லையும் கல்பொடியையும் அடுக்கடுக்காய்க் கொட்டி, நீர் தெளித்து, வாடகைக்கு எடுத்த அதிர்வுப்பொறியால் இடித்து இறுக்கினோம். மழைநீர் வழிந்தோட நூறடிக்கு ஓரிரண்டு அடி சரிவு வேண்டும். சரிவு மிகுந்தால் பந்து எங்கும் நில்லாது. அடித்தளத்தில் விரல் அகலப் பள்ளம் இருந்தாலும் மேலே பந்து விலகிப் போகும் என்பதால், மட்டப்பலகையை இழுத்து இழுத்து மகன் முழங்கால் தேய்ந்தான். குழியின் விட்டம் 4.25 அங்குலம். புனித அந்திரேயாவின் பெயரைத் தாங்கிய ஸ்காட்லாந்து நகரில் உள்ள சங்கம் 1891இல் விதித்த அளவு அது. உலகெங்கும் இன்றும் அதுவே. கிண்ணங்களைச் சிமெண்டுக் கலவையில் பதித்து, புல்விரிப்பைப் பரப்பி, ஓரங்களை ஆணியால் இறுக்கி, இழைகளுக்கிடையே வெண்மணலைத் தூவித் துடைப்பத்தால் தேய்த்தோம்.

இவ்வளவையும் கொல்லைப்புறத் திண்ணையில் நாற்காலியிட்டு அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். வயது 79. முந்திய ஆண்டு அண்ணியார் இறைவனடி சேர்ந்தபின் மகன் அவரைத் தன்னோடு அழைத்துவந்திருந்தான். கையில் செபமாலை இருக்கும்; வாயில் பேச்சிராது. மாலையில் மட்டும் ஒரே கேள்வி: “தம்பி, ஊருக்கு எப்போது போகலாம்?” ஊரில் அவருக்காகக் காத்திருப்பது பூட்டிய வீடு ஒன்றுதான். “இங்கே எனக்கு என்ன வேலை?” என்பார் அடுத்து.

அவரைப்பற்றி அவர் மகனுக்குத் தெரியாத செய்தி ஒன்றுண்டு. எங்கள் தந்தை இறந்தபோது அண்ணனுக்கு வயது பதினொன்று. மலைநகர் ஒன்றின் கோல்ப் திடலில், துரைமார்க்கும் அவர்கள் போனபின் வந்த கனவான்களுக்கும் மட்டைப்பை சுமக்கும் வேலைக்குப் போனார். ஐந்தாண்டுகள். அந்தக் காசில்தான் நான் படித்தேன். அந்த வேலை செய்யும் சிறுவரைக் ‘கேடி’ என்று அழைப்பர். சமவெளியில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருளென்று வாசகர் அறிவர். அதனாலோ என்னவோ, பிள்ளைகளிடம் அதைச் சொல்ல அவர் என்னையும் அனுமதித்ததில்லை.

மணலிட்டு முடித்த மாலையில் அவர் எழுந்துவந்தார். சிரமப்பட்டு முழந்தாளிட்டுப் புல்லின்மேல் உள்ளங்கையால் தடவினார். “இழை கிழக்கே சாய்கிறது. கிழக்கே உருட்டினால் ஓடும், மேற்கே உருட்டினால் முன்னாலேயே நின்றுவிடும்” என்றார். மகன் உருட்டிப் பார்த்தான், அப்படியே நடந்தது. அடுத்த முறை அவன் குனிந்தபோது, அண்ணன் குழியருகே சென்று கொடிக்கம்பைப் பிடித்தார். பிறகு தம் நிழல் பந்தின் பாதையில் விழாதபடி இரண்டடி விலகி நின்றார்.

“அப்பா, இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரே சொன்னார், எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில் மகன் கேட்டது ஒன்றுதான். “ஒரு நாளாவது உங்களை விளையாட விட்டார்களா?”

“மட்டையைத் துடைக்க விடுவார்கள்.”

மறுநாள் மகன் தந்தைக்கென்று ஒரு மட்டை வாங்கிவந்தான். அண்ணன் அதைச் சுவரோரம் சாய்த்துவைத்தார். ஒரு வாரத்தில் தரைமீதிருந்த ஆர்வமும் வடிந்தது. காரணம் கேட்டேன். “உயிருள்ள புல்லில் அடிக்கடி குழியை மாற்றுவார்கள், தம்பி. ஒரே இடத்தில் கால் பட்டால் புல் செத்துப்போகும். பழைய குழியை மூடிவிட்டு வேறிடத்தில் வெட்டுவார்கள். காலையில் போனதும் நாங்கள் முதலில் பார்ப்பது, இன்று குழி எங்கே என்பதைத்தான். இங்கே குழி மாறவே மாறாது. எல்லாம் மனப்பாடமாகிவிட்டது. இதற்கு ஓர் ஆள் எதற்கு?”

அந்த ஞாயிறு திருப்பலியில் என் மனம் மாற்கு நற்செய்தியாளரிடம் சென்றது. ஐயாயிரம் பேருக்கு உணவளித்த நிகழ்ச்சியில் மக்கள் அமர்ந்த புல் பசுமையாக இருந்ததென்று குறிப்பவர் அவர் ஒருவரே. பாஸ்கா அண்மையில் இருந்ததென்கிறார் யோவான். ஆக, அது இளவேனில். இன்னும் சில வாரங்களில் கலிலேயா வெயிலில் காய்ந்துவிடும் புல். அந்தச் சில வாரப் பசுமையின்மேல்தான் ஆண்டவர் அவர்களை அமரச் செய்தார். எங்கள் புல்லுக்குப் பருவமில்லை, தாகமில்லை, யாருடைய கையும் தேவையில்லை. அண்ணனுக்கு அதனிடம் இருந்த குறையும் அதுதான்.

அவர் சொன்னதை மகனிடம் சொன்னேன். 2024ஆம் ஆண்டுத் தவக்காலத்தில், நான் புறப்படுவதற்குச் சில நாள் முன்பு, அவன் இன்னும் மூன்று இடங்களில் புல்லை வட்டமாக அறுத்து, தளத்தைக் குடைந்து, புதிய கிண்ணங்களைப் பதித்தான். அறுத்த வட்டங்களே மூடிகளாயின. ஆக ஆறு குழிகள். ஒரு நாளைக்கு இரண்டுதான் திறந்திருக்கும். எந்த இரண்டு என்பது அண்ணனின் தீர்ப்பு. காலைச் செபம் முடிந்ததும் போய், சருகைப் பெருக்கி, மணலைத் தேய்த்துவிட்டு, திறந்து மூடுகிறார். மகனிடம் சொல்வதில்லை. வேலை முடிந்து வருகிறவன் உடைகூட மாற்றாமல் தோட்டத்திற்குப் போய்ப் பார்க்கிறான்.

ஊருக்குப் போகும் பேச்சு இன்னும் எழத்தான் செய்கிறதாம். அந்த மட்டையை அப்பா தொட்டாரா என்று தொலைபேசியில் மகனிடம் கேட்டேன்.

“தினமும் துடைத்து வைக்கிறார், சித்தப்பா” என்றான்.