நிலைத்திணையின் அசைவு

தாவரம் என்னும் சொல், இடம்பெயராது நிற்பது என்ற பொருளுடைய வடசொல்லின் வழி வந்தது. நிலைத்திணை என்ற தமிழ்ச் சொல்லும் அப்பொருளையே உணர்த்தும். புல்லையும் மரத்தையும் தொடுவுணர்வு ஒன்றே உடைய ஓரறிவுயிராகத் தொல்காப்பியம் வகுத்தது. இவ்வழக்குகளிற் பயின்ற மனம், நிற்பது எதுவும் செய்வதில்லை என்றும் எளிதில் எண்ணிவிடுகின்றது. அவ்வெண்ணம் பொருந்துமா என்பதை ஓர் இலையே காட்டிவிடும்.

மாலையிற் புளியமரத்தின் சிற்றிலைகள் இணையிணையாக மடிவதைக் கிராமத்தார் நன்கறிவர். கதிரவன் மறைவதாலேயே இலை மடிகின்றது என்பது இலகுவான விளக்கம். ஆனால், 1729ஆம் ஆண்டிற் பிரான்சு நாட்டு வானியலாளர் டி மெரான், தொட்டாற்சுருங்கி இனச் செடியொன்றை இருளில் வைத்துப் பார்த்தபோது, அது ஒளியின்றியும் பகலில் விரிந்து இரவிற் குவிந்தது. செடியினுள்ளே காலத்தை அளக்கும் ஒழுங்கொன்று உண்டு என்பது பின்னர் தெளிவாயிற்று. சூரியவொளி அந்த ஒழுங்கை நாள்தோறும் செம்மைப்படுத்துகின்றது.

இவ்வசைவுக்குத் தசையும் இல்லை, நரம்பும் இல்லை. இலைக்காம்பின் அடியிலும் சிற்றிலைகளின் அடியிலும் தடித்த சிறு பகுதிகள் உள்ளன. அவற்றின் ஒரு பக்கத்துக் கலங்களினுள் பொற்றாசியம் முதலிய உப்புக்கள் புக, நீரும் தொடர்ந்து புகுகின்றது. அப்பக்கம் விம்ம, எதிர்ப்பக்கம் தளர, இலை திரும்புகின்றது. சூரியகாந்தியின் வழி வேறு. அதன் இளந்தண்டு பகலிற் கிழக்குப் பக்கத்திலும் இரவில் மேற்குப் பக்கத்திலும் மிகுதியாக வளர்வதால், செடி பகலிற் கதிரவனைத் தொடர்ந்து, இரவிலே மீண்டும் கிழக்கு நோக்குகின்றது. முதிர்ந்த பின்னர் அது கிழக்கு முகமாகவே நின்றுவிடும். அவ்வாறு நிற்கும் பூ காலையில் விரைந்து வெப்பமடைந்து தேனீக்களை மிகுதியாகக் கவர்கின்றது என்பதை 2016ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று காட்டியது.

கதிரவனை நாடுவது மட்டுமே இலையின் இயல்பு என்றும் கொள்ளலாகாது. வரண்ட நிலத்திற் பயிராகும் கௌபீயை நண்பகலில் நோக்குக. நீர் போதியளவு உள்ளபோது ஒளியை ஏற்கும் அதன் இலைகள், நீர் அருகியபோது தம் விளிம்பைக் கதிருக்குக் காட்டித் திரும்பிக் கொள்கின்றன. படும் ஒளி குறைகின்றது. வெப்பமும் நீரிழப்பும் குறைகின்றன. உணவாக்கமும் ஓரளவு குறையவே செய்யும். செடி அந்த இழப்பை ஏற்று உயிரைக் காக்கின்றது.

வழியிற் செல்வோர் இதனைக் கண்டு, பயிர் வாடிவிட்டது என்பர். வாட்டம் வேறு, இது வேறு. வாடிய இலை நீரிழந்து துவண்டு தொங்கும். திரும்பிய இலையோ விறைப்புக் குன்றாது கதிருக்கு ஒருக்கணித்து நிற்கும். முன்னது செடிக்கு நேர்ந்தது; பின்னது செடி செய்தது. இரண்டையும் ஒன்றாகக் காணும் கண், தற்காப்பைத் தோல்வியாக எழுதிவிடுகின்றது.

விலங்கு வெயில் மிகுந்தால் நிழல் தேடிச் செல்லும். வேரூன்றிய உயிருக்கு அவ்வழி இல்லை. நின்ற இடத்திலேயே, அன்றன்றைய வெயிலுக்கும் நீருக்கும் ஏற்ப, எப்பக்கம் எவ்வளவு திரும்புவது என்பதே அதன் வாழ்க்கை. தாவரம் என்ற பெயர் நிலைக்கட்டும். அப்பெயரைச் சொல்வோர், இடம்பெயராமையைச் செயலின்மையாகக் கருதாதிருந்தாற் போதும்.