துக்கம் விசாரிக்கப் போகும் பிள்ளைகளுக்கு

மருத்துவமனையில் சமூகப் பணியாளராகச் சேரும் பிள்ளைகளே, சாவு வீட்டுக்குப் போய் நிற்பதே பாதி ஆறுதல் என்று வளர்ந்தவர்கள் நாம். கொரோனா அந்த வழக்கத்தையே பறித்தது. எங்கள் சைதாப்பேட்டைச் சந்தில், சுவருக்கு அப்பால் அழுகுரல் கேட்டும் கதவைத் திறக்க அஞ்சினார்கள்.

அச்சம் கல்லையும் எடுக்கவைத்தது. 2020 ஏப்ரலில் கொரோனாவால் இறந்த மருத்துவர் சைமன் ஹெர்குலிஸை அடக்கம் செய்யக் கீழ்ப்பாக்கத்தில் இடம் மறுத்தார்கள். வேலங்காடு இடுகாட்டில் ஆம்புலன்ஸைத் தாக்கினார்கள். இரவில் சக மருத்துவர் பிரதீப் குமார் தம் கையாலேயே மண்ணைத் தள்ளி அவரை அடக்கம் செய்தார். அதன்பின், அடக்கத்தைத் தடுத்தால் சிறை என்று தமிழக அரசு அவசரச் சட்டம் இயற்றியது. சட்டம் வழிவிடச் செய்யும். பக்கத்தில் உட்காரச் செய்யாது. அப்படி உட்கார்ந்தவர்கள் உங்களுக்கு முன் இந்த வேலைக்கு வந்தவர்கள்.

என்னிடம் பயிற்சி பெற்ற பெண் ஒருத்தி சொன்னது இது. சவக்கிடங்கு வாசலில் ஒரு மனைவி, "முகத்தை மட்டும் காட்டச் சொல்லும்மா" என்று கெஞ்சியிருக்கிறாள். ஊழியர்கள் தயங்கினார்கள். தொடாமல், தள்ளி நின்று முகம் பார்க்கலாம் என்று 2020 மார்ச்சிலேயே மத்திய சுகாதார அமைச்சகம் சொல்லியிருந்தது. என்னிடம் பயின்றவள் அதைப் படித்துக் காட்டினாள். உடல் பையின் ஜிப்பைக் கழுத்துவரை இறக்கினார்கள். "தாடி வளந்துடுச்சே" என்றாளாம் அந்த அம்மா, வேறு பேச்சில்லை. முகம் பாராத துக்கம், ஆள் திரும்பி வருவார் என்று வருஷக்கணக்கில் வாசலைப் பார்க்கும். அவளுக்கு அந்த வேதனை இல்லாமல் போயிற்று. விதியைப் படித்து வைத்திருப்பதும் இரக்கம்தான், பிள்ளைகளே.

காகித வேலையை இளைத்ததாக எண்ணாதீர்கள். கொரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய்; தாய் தந்தை இருவரையும் இழந்த குழந்தையின் பெயரில் 5 லட்சம் வைப்பு; ஒருவரை இழந்தால் 3 லட்சம். எல்லாம் 2021-ல் வந்த உதவிகள். ஆனால் சான்றிதழில் இறப்புக்குக் காரணம் சரியாக இல்லையென்றாலும், ஆதாரில் ஓர் இனிஷியல் மாறியிருந்தாலும் மனு அங்கேயே நின்றது. கணவனை இழந்தவள் கைக்குழந்தையோடு தாலுகா அலுவலக வரிசையில் நிற்பதைப் பார்த்தவன் நான். கூட நின்று படிவம் நிரப்புங்கள்.

பதினாறாம் நாள் முடிந்ததும் சொந்தக்காரர்களின் போன் குறையும். நீங்கள் அப்போது கூப்பிடுங்கள். பள்ளி திறக்கும் மாதத்தில் ஒரு முறை, திதி வரும் மாதத்தில் ஒரு முறை. பிள்ளைக்கு ஃபீஸ் கட்டியாயிற்றா, ராத்திரி தூங்குகிறீர்களா என்று கேளுங்கள். பதில் வரும்வரை போனை வைக்காதீர்கள்.