மெட்டில்லாத வீணை

பத்து வயதில் என் இடது கையின் இரண்டு விரல்நுனிகளில் கறுப்புக் கோடு விழுந்திருந்தது. வீணைக் கம்பி வெட்டிய கோடு. லண்டன் பள்ளிக்கூடத்தில் அழுக்கென்று நினைப்பார்களோ என்று கையை மடக்கியே வைத்திருப்பேன்.

2008 வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை, வீணை வகுப்பு முடிந்து அம்மாவுடன் வரும்போது மழை பிடித்துக்கொண்டது. டிரஃபல்கர் சதுக்கத்துக்கு அருகே தேசிய உருவப்படக் காட்சியகத்தில் ஒதுங்கினோம். உள்ளே பதினெட்டாம் நூற்றாண்டுப் படித்த பெண்களைப் பற்றிய கண்காட்சி. அங்கேதான் ரிச்சர்ட் சாமுவேல் 1778இல் வரைந்த அந்தப் படம். அப்பல்லோ கோயிலில் ஒன்பது பெண்கள். எழுத்தாளர், ஓவியர், வரலாற்றாசிரியர் என்று அன்றைக்கு நிசமாகவே வாழ்ந்தவர்கள், கிரேக்கக் கலைத்தேவியராக வேடம் கட்டி நின்றார்கள்.

“எங்கட சரஸ்வதி தனியாச் செய்யிற வேலையை இவை ஒன்பது பேர் பங்கு போட்டிருக்கினம்” என்றார் அம்மா.

நடுவில் நின்றவள் கையில் லைர். நம் யாழுக்கு ஒன்றுவிட்ட சகோதரி.

“அம்மா, உதில மெட்டே இல்லை. கமகம் எங்க பிடிக்கிறது?”

வீணையில் 24 மெட்டு. கம்பியை இழுத்து வளைக்கலாம். லைரில் விரல் அழுத்தத் தண்டியே கிடையாது. அந்தக் காலத்து லண்டன் வீடுகளில் ஒலித்தது ஹார்ப்சிகார்டு. லைர் வெறும் அடையாளம், பிள்ளையார் கை மோதகம் மாதிரி. அது வெறும் அடையாளம் என்று அப்போது எனக்குத் தெரியாது. அவள் விரலில் கோடு இருக்கிறதா என்று பார்க்க மூக்கைக் கொண்டுபோனேன். காவலர் கனைத்தார்.

அவள் எலிசபெத் லின்லி. 1754இல் பாத் நகரில் பிறந்த பாடகி. கேட்டவர்களைச் சொக்கவைத்த குரல். 1773இல் நாடகாசிரியர் ஷெரிடனை மணந்தாள். அவர் மேடையில் பாட விடவில்லை. ஐந்து வருடம் கழித்து ஓவியர் அவளை இசைத் தேவியாக்கி நடுவில் நிறுத்தியிருக்கிறார். இதைப் படித்த நாளில் எனக்கு ஷெரிடன்மேல் வந்த கோபம் இன்னும் தணியவில்லை. லைர் மாதிரியே படத்து முகங்களும் வெறும் அடையாளம்தான்: ஒன்பது பேரில் ஒருத்தியான எலிசபெத் கார்ட்டருக்கே படத்தில் தான் யார் என்று தெரியவில்லையாம்.

அம்மா வாங்கித் தந்த அஞ்சலட்டையை இசைக் கொப்பிக்குள் வைத்திருந்தேன். அடுத்த வாரம் ரீச்சர் அதை எடுத்து, கண்ணாடியை ஏற்றி வெகுநேரம் பார்த்தா.

“பிருடையையும் காணேல்லை. எப்பிடிச் சுருதி சேர்க்கிறா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“சரி, படத்தை வை. ஜண்டை வரிசையை வாசி.”