கட்ச்: மந்தைக்குத் தெரிந்த மண்

குஜராத்தின் புஜ் நகரிலிருந்து வடக்கே காவ்டா செல்லும் சாலை. பிரண்டியாரா கிராமத்தில் அடுப்புகளில் பால் சுண்டிக்கொண்டிருக்கிறது. நம் பால்கோவாவின் உறவான 'மாவா'வுக்குப் பெயர் போன ஊர். இந்தப் பாலின் ஊற்று, சுற்றிலும் சுமார் 2,500 சதுர கிலோமீட்டருக்கு விரியும் பன்னிப் புல்வெளி.

இங்கே மேய்ச்சல் இரவில்தான். மாலையில் புறப்படும் எருமைகள் இருட்டில் மேய்ந்துவிட்டு, விடியலில் கறவைக்குத் தாமாகவே வீடு திரும்புகின்றன. பன்னி எருமை 2010-ல் தனி இனமாக அங்கீகரிக்கப்பட்டது. வளர்ப்பவர்கள் மால்தாரிகள்; 'மால்' என்றால் கால்நடை. மேய்ச்சல் நிலம் பொது. மழை பெய்த பக்கம் மந்தை நகரும். மேய்ந்த இடம் ஓய்வெடுக்கும்.

சூட்சுமம் அந்த ஓய்வில் இருக்கிறது. காற்றிலிருந்து புல் இழுக்கும் கார்பனில் கணிசமான பங்கு வேருக்குப் போகிறது. மாடு கடித்த புல் மீண்டும் தழைக்க அவகாசம் கிடைத்தால், மடியும் வேர்களும் சாணமும் மட்கி மண்ணில் கார்பனாகச் சேரும். தழைக்குமுன் மறுபடி கடிபட்டால் வேர் சுருங்கும், மண் வெறுமையாகும். ஆண்டுக்குச் சுமார் 300 மி.மீ. மழையே பெறும் உப்பு மண்ணில் இந்தச் சேமிப்பு மெதுவாகத்தான் வளரும். ஏர் பூட்டினாலோ வேகமாகக் கரையும்.

காகிதத்தில் இது 1955 முதல் பாதுகாக்கப்பட்ட காடு. ரண் உப்பு நிலம் பரவாமல் தடுக்க 1961-ல் வனத்துறை இங்கே நட்டது, நமக்குப் பழக்கமான சீமைக் கருவேலம். உள்ளூரில் அதன் பெயர் 'காண்டோ பாவள்' - பைத்தியக்காரக் கருவேலம். காய்களைத் தின்ற கால்நடைகளே சாணம் வழியாக விதையைப் பரப்பின. புல்வெளி சுருங்கியது. காங்க்ரேஜ் மாடுகளுக்குக் காய் ஒத்துக்கொள்ளவில்லை. பலர் எருமைக்கு மாறினார்கள்.

கருவேலத்தை வேரோடு பெயர்த்து, புல் வேரூன்றும்வரை மந்தையை விலக்கி வைத்தால் புல்வெளி திரும்புகிறது. ஆனால் திருத்திய நிலத்தில் உழவு நுழைந்தால்? அதை எதிர்த்து மால்தாரிகள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். ஆக்கிரமிப்புகளை அகற்ற 2021-ல் உத்தரவு கிடைத்தது.

வழக்கின் உயிர்நாடி எளியது. நகர இடமிருந்தால்தான் மந்தை புல்லுக்கு ஓய்வு தர முடியும். நிலம் துண்டு துண்டானால் அதே எருமைகள் அதே புல்லை வேர்வரை கடிக்கும். பிறகு மண்ணிலும் ஒன்றும் மிஞ்சாது, பிரண்டியாராவின் அடுப்பிலும்தான்.