விறகுத் தடம்

பச்சைமலையைப் பார்க்க இப்போது பைக்கில் பையன்கள் வருகிறார்கள். லாடபுரத்துக்கு மேலே மயிலூற்று அருவியில் தண்ணீர் விழுகிறது என்றால் ஞாயிற்றுக்கிழமை கூட்டம்தான். தமிழ்நாட்டில் 40 மலையேற்றப் பாதைகளுக்கு 2024இல் அரசே இணையத்தில் சீட்டுக் கொடுக்க ஆரம்பித்தது. நடக்கட்டும். பெரம்பலூருக்கு மேற்கே மலையடிவாரத்துச் சேரியில் பிறந்த எனக்கு மலையேறுவது என்றால் விறகுதான்.

அப்பாயி இருட்டோடு எழுப்பிவிடும். "ஏந்திரி தாயி, வெயிலு மண்டையில ஏறுறதுக்குள்ள பாதி மலை ஏறிப்புடணும்." கொடுவாள், கயிறு, சும்மாட்டுத் துணி, தூக்குவாளியில் கூழ். ஊர்த்தெரு வழியாகப் போனால் தூரம் குறைவு. நாங்கள் ஏரிக்கரையைச் சுற்றித்தான் போவோம். என் காலத்தில் ஊர்த்தெருவில் செருப்பைக் கழற்றச் சொல்லி யாரும் மறிக்கவில்லை. அப்பாயிக்குக் கால் கூசும். கரை தாண்டி முதல் மேட்டில்தான் செருப்பை மாட்டும். அங்கிருந்து அதன் குரலே வேறு. சத்தமாகச் சிரிக்கும், கெட்ட வார்த்தை பேசும், ஊர்க்காரர்கள் பேரைச் சொல்லிப் பாட்டுக் கட்டும்.

எம்.ஏ. வகுப்பில் குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும், சிறுபொழுது யாமம் என்று மனப்பாடம் செய்தேன். எங்கள் குறிஞ்சிக்குச் சிறுபொழுது உச்சிவெயில். பங்குனி, சித்திரையில் இலை கொட்டி மலை எலும்பும் தோலுமாய் நிற்கும். காய்ந்த சுள்ளி கைக்கு வரும், சுனையில் தண்ணீர் இருக்காது, பாறை செருப்பையும் தாண்டிச் சுடும். ஆடிக்காற்று தலைக்கட்டைப் பிடித்து ஆளையே திருப்பும்; இறங்கும்போது பக்கவாட்டில் அடி வைக்கத் தெரியவேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மலை பச்சையாகி அதன் பேருக்குப் பொருத்தமாய் இருக்கும். பார்க்க அழகு. எங்களுக்குப் பட்டினி; ஈர விறகை யார் வாங்குவார்? மார்கழி, தையில்தான் வெயில் இதமாக முதுகைத் தடவும், இலந்தை பழுத்திருக்கும், அப்பாயி உட்காரவிடும்.

அடியோர், வினைவலர் காதலைத் தொல்காப்பியம் ஐந்திணைக்கு வெளியே வைத்தது. விறகுக்காரிக்கு அதில் பொழுது மட்டும் எங்கிருந்து வரும்?

தடம் முடிகிற இடத்தில் மலையாளிகளின் ஊர். பட்டியல் பழங்குடியினர். தங்களைக் காஞ்சியிலிருந்து வந்த வேளாளர் என்று அவர்கள் சொல்லிக்கொண்டதை தர்ஸ்டன் 1909லேயே எழுதியிருக்கிறார். எங்களிடம் அன்பாகத்தான் பேசினார்கள், மரவள்ளிக் கிழங்கு கொடுத்தார்கள். ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டபோது சொம்பைத் தராமல் கையில் ஊற்றினார்கள். அப்பாயி செருப்பை ஓரமாய்க் கழற்றிவிட்டுக் குனிந்து குடித்தது. கீழே ஊர், மேலேயும் ஊர். நடுவில் அந்த ஒற்றையடித் தடத்தில் மட்டும்தான் அப்பாயி நிமிர்ந்து நடந்தது. இதை எழுதினால் ஒற்றுமை கெடும் என்று தோழர்கள் சிலர் சொல்கிறார்கள். எழுதாமல் வருகிற ஒற்றுமை எனக்கு வேண்டாம்.

அந்தத் தடத்திலும் ஒருநாள் காக்கிச்சட்டை ஒருவர் எங்கள் கொடுவாளைப் பிடுங்கிக்கொண்டு போனார். அன்று வெறுங்கையோடு இறங்கினோம்.

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் பழங்குடியினர் அல்லாதவர்களுக்கும் இடமுண்டு. 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டை நம்பி வாழ்ந்ததைக் காட்டவேண்டும். நான் இப்போது வேலை பார்க்கிற அரியலூர்ப் பக்கம் ஏறுவதற்கு மலை இல்லை. சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் தோண்டிய பள்ளங்கள் உண்டு. அதில் கிளிஞ்சல் கல்லாகிக் கிடக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்ததற்குச் சான்று இருக்கிறது. எங்கள் 75 ஆண்டுக்கு ஒரு துண்டுச் சீட்டு இல்லை.

மனுப்போடாத முதியவர்களின் வாக்குமூலமும் சான்றாகும் என்று 2008 விதிகள் சொல்கின்றன. அதனால் நோட்டோடு அப்பாயி முன்னால் உட்கார்ந்தேன்.

"எத்தன வருசமாப் போன அப்பாயி?"

"வருசத்த யாரு எண்ணுனா? எங்க ஆத்தா போச்சு. எங்க ஆத்தாவோட மாமியா போச்சு. எழுது."

"வேற?"

"ரெண்டாம் மேட்டுப் பாறையில கொடுவாத் தீட்டித் தீட்டிப் பள்ளம் விழுந்து கெடக்கு. வெரல வுட்டா நாலு வெரல் எறங்கும். அது ஒரு ஆளு தீட்டுனதா? அதையும் எழுது."

எழுதிக்கொண்டேன்.