களத்தில் அளந்த நெல்

ஐப்பசி முதல் வாரத்தில் நாளிதழின் உள்பக்கத்தில் நாலு வரிச் செய்தி வந்திருந்தது. சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கண்மாயின் ஷட்டரை யாரோ திறந்துவிட்டு மூடாமல் போனதில், தேங்கிய தண்ணீரெல்லாம் ஒரே இரவில் வீணாகிவிட்டது. அதை எனக்கு அனுப்பிய நண்பர், "எங்க ஊருக்கு ஒருதடவ வாங்க. அங்க ஒரு பெரியவர் இருக்கார். அவர் இருக்கிற வரைக்கும் எங்க கண்மாய்ல இது நடக்காது" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமையே மானாமதுரையில் இறங்கி டவுன் பஸ் பிடித்தேன்.

ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று பெரியவர் கேட்டுக்கொண்டார். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை மறித்து வேலி போட்டவர்கள் அவருக்கு நாலு வீடு தள்ளி இருப்பவர்கள்தான். நான் போய்விடுவேன், அவர் அங்கேதான் இருந்தாக வேண்டும்.

ஆதார் அட்டைப்படி வயது 84. "கூடவே இருக்கும் அப்பு. எங்காத்தா எந்த வருசமுன்னா எழுதி வச்சுச்சு?" என்கிறார். கண்மாய்க்கு மேற்கே மேட்டில் 70 சென்ட் புஞ்சை வைத்துக் குதிரைவாலியும் மிளகாயும் போடுகிறார். ஆனால் ஊருக்கு அவர் நீர்க்கட்டி. மடையைத் திறந்து, அடைத்து, வயல் வயலாகத் தண்ணீர் பாய்ச்சும் வேலை. அப்பாவுக்குப் பிறகு பத்தொன்பது வயதில் மண்வெட்டியை எடுத்தவர். கண்மாய்ப் பாசனத்தில் அவருக்கு ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது. இருக்கக் கூடாது என்பதே அந்த ஊர் வழக்கம். சொந்த வயல் இருந்தால் தண்ணீர் அந்தப் பக்கம் சாயும் என்று பெரியவர்கள் பயந்திருக்கிறார்கள்.

விடியற்காலையில் கரைமேல் கூட்டிப்போனார். கண்மாய் பாதி பெருகியிருந்தது. இரண்டு மடைகளில் ஒன்று இரும்பு ஷட்டர். 2017-ல் தொடங்கிய குடிமராமத்துத் திட்டம் பிறகு இங்கும் வந்தபோது போட்டது. இன்னொன்று பழைய கல்மடை. கரையிலிருந்து சற்றுத் தள்ளித் தண்ணீருக்குள் இரண்டு கல்தூண்கள், அவற்றுக்குக் குறுக்கே பலகைக் கற்கள். தூண்களுக்கு நடுவே தரையில் ஒரு துளை. அந்தத் துளையை அடைத்து நிற்கிறது ஒரு கட்டை. முறை வைத்துத் தண்ணீர் பிரிக்கும் கணக்கை ஒரு மணி நேரம் விளக்கினார், எனக்குப் பிடிபடவில்லை. என் மனம் அந்தக் கட்டையிலேயே நின்றுவிட்டது.

ஷட்டர் போட்ட மடையில் முன்பு இருந்த கட்டையை வீட்டில் வைத்திருக்கிறார். நாட்டுக் கருவேலில் கடைந்தது, அடி சிறுத்து, தலை பருத்து, என் முழங்கை நீளம். நீரில் கிடந்து கிடந்து கறுத்து, கல்லைப்போல் கனக்கிறது. மடைக்கருப்புக்குச் சேவல் அறுத்துக் கும்பிட்ட பிறகுதான் ஆண்டின் முதல் மடையைத் திறப்பார்கள். கட்டையில் செருகிய கம்பைத் தூண்மேல் நின்று தூக்கினால் தண்ணீர் போகும். சேறோ பாசியோ சிக்கி அசையாவிட்டால் முங்க வேண்டும். உள்ளே கண் தெரியாது. கால் கட்டைவிரலால் தடவித்தான் துளையின் விளிம்பைக் கண்டுபிடிக்க வேண்டும். "கட்டை விட்டுச்சுன்னா தண்ணி ஆளை இழுக்கும். கைய அங்கன வச்சிருந்தா கை போச்சு. எங்க பெரியப்பாவுக்கு ரெண்டு வெரல் கெடையாது" என்றார். இப்போது அவர் முங்குவதில்லை. அண்ணன் மகன் முங்க, இவர் கரையில் நின்று சொல்கிறார். பேரன்கள் இருவரும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள்.

1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் இரவு அவருக்கு நேற்றுபோல் நினைவிருக்கிறது. கரை கசிய ஆரம்பித்ததும் தமுக்கடித்து ஊரையே எழுப்பியிருக்கிறார். வைக்கோலும் பனையோலையும் மண்ணுமாக விடியும்வரை அடைத்தார்கள். கரை நின்றது. வயல் வைத்திருந்தவர்கள் எல்லாரும் அன்று இவர் சொன்ன இடத்தில் மண் போட்டார்கள்.

மறுநாள் டீக்கடையில் இவருக்குத் தனிக் குவளை. இந்தப் பக்கத்து நீர்க்கட்டிகளில் பெரும்பாலானவர்கள் தலித் மக்கள். மடையன் என்று யாரையாவது ஏசும்போது தன்னைக் கூப்பிட்டதுபோல் இருக்கும் என்றார். அந்த வசவு மடமையிலிருந்து பிறந்தது என்று நான் சொன்னேன். "நீங்க படிச்சவுக, சொல்றீக. கேக்குற காதுக்கு அது தெரியுமா?" என்றார். எனக்குப் பதில் இல்லை.

கூலியைப் பற்றிக் கேட்டபோது "சுதந்திரம் நின்னுபோச்சு" என்றார். நாட்டு விடுதலையைச் சொல்கிறார் என்று நினைத்தேன். களத்தில் நெல் அளக்கும்போது ஊர் ஊழியக்காரர்களுக்குக் கொடுத்த பங்குக்குச் சுதந்திரம் என்று பெயர். ஏக்கருக்கு ஒரு மரக்கால் நெல், ஒரு கட்டுக் கதிர். பொலியில் கைவைக்கும் முன்பே நீர்க்கட்டிக்கு அளந்துவிடுவார்கள்.

இப்போது களமே இல்லை. அறுவடை இயந்திரம் வயலில் இறங்கி நெல்லாகவே கொட்டுகிறது. வியாபாரியின் வண்டி வரப்போரம் காத்திருக்கிறது. ஈரம் என்று கொஞ்சம் கழிக்கிறார்கள், சாக்கு எடை என்று கொஞ்சம் கழிக்கிறார்கள். தரகருக்குக் கமிஷன், ஏற்றுகிறவருக்குக் கூலி, வண்டிக்கு வாடகை. மூன்று மாதம் இரவும் பகலும் வரப்பில் நடந்து அந்த நெல்லை விளையவைத்தவருக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. வியாபாரியை மட்டும் சொல்லிப் பயனில்லை, அவர் கொடுத்த பணத்தை எண்ணிப் பையில் வைத்த விவசாயியும் "அப்புறம் பாக்கலாம் பெருசு" என்று போய்விடுகிறார். போன தை அறுவடையில் பலர் கையில் கொடுத்தது நூறு, இருநூறு ரூபாய். இதைத் திருட்டு என்றுதான் நான் சொல்வேன்.

தமிழ்நாட்டில் 39,000-க்கும் மேற்பட்ட ஏரிகள், கண்மாய்கள் உண்டு. 40 ஹெக்டேருக்குக் கீழ் பாசனமுள்ளவை ஊராட்சி ஒன்றியங்களிடம் இருக்கின்றன. 2007-ல் வந்த ஏரி ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் பொதுப்பணித் துறை ஏரிகளுக்காகவே எழுதப்பட்டது. இந்தச் சின்னக் கண்மாய் அதற்குள் வராது. வரத்துக்காலில் வேலி போட்டவர்களுக்கும் கண்மாய்க்கும் நடுவே நிற்பவர் இந்த 84 வயதுக்காரர் ஒருவர்தான். "மழை வந்தா நானே போயி வெட்டி விட்டுருவேன். சண்டைக்கி வருவாக. வரட்டுமே" என்கிறார். சமாதானப்படுத்தவும் அவரையேதான் கூப்பிடுகிறார்கள்.

அதே ஊரில் குடிநீர் மேல்நிலைத் தொட்டியின் வால்வைத் திறந்து மூடுபவருக்கு ஊராட்சி மாதச் சம்பளம் கொடுக்கிறது. சரியான செயல். மடையைத் திறந்து மூடுபவருக்கும் அப்படிக் கொடுத்தால் என்ன? உங்கள் ஊரில் கண்மாய் இருந்தால், நீர்க்கட்டி ஒருவர் இன்னும் உயிரோடு இருந்தால், ஜனவரி 26 கிராம சபையில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். அவரையும் கூட்டிப்போய் முன்வரிசையில் உட்காரவையுங்கள்.